படமும் மட்டையும்

சென்ற மாரிகாலத்தில் ஒரு மாலைப் பொழுதில் எம்மைத் தேடி ஒரு தாய் வந்தார். வயது எண்பதை அண்மியிருக்கும். கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து இரண்டு பஸ் மாறி, மழையில் நனைந்து வந்திருந்தார். எம்மைக் கண்டதும் நலம் விசாரித்தார். தேநீர் வேண்டாம் என்றார். சிறிது நேரம் பேசாதிருந்து, பின்னர் வந்த காரியத்தைச் சொன்னார்.

“மாஸ்ரர், அவன் கீறின படமொண்டு உங்கடை பள்ளிக்கூடத்திலை கிடந்ததெல்லோ? அதிலை எங்கடை பழைய வீடு இருக்கு. ஒருக்காப் பாக்கலாமோ?”

அவருடைய மகன் எமது மாணவன். 1993ஆம் ஆண்டில் நாம் பாடசாலையில் நடத்திய சித்திரக் கண்காட்சியில் அவனுடைய நீர்வர்ணப் படம் ஒன்று எல்லோருடைய பார்வையையும் ஈர்த்தது. குடிசை வீடு, முற்றத்தில் கருவாடு காயவிடும் பெண், பின்னால் கடலும் அந்திச் செவ்வானமும். அவ்வளவே. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் அனைவரும் இடம்பெயர்ந்தபோது அக் குடும்பமும் சென்றது. திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. 1996ஆம் ஆண்டில் ஒரு நாள் வெளியே சென்ற மகனும் திரும்பவில்லை. அவனுடைய நிழற்படம் ஒன்றேனும் அத் தாயிடம் எஞ்சவில்லை. எஞ்சியது எம்மிடம் இருந்த அப் படம் ஒன்றே.

படம் இருந்தது. ஓய்வு பெற்றபோது, எவரும் உரிமை கோராத பழைய படக் கட்டொன்றை நாம் வீட்டுக்குக் கொண்டுவந்து அலுமாரியின்மேல் வைத்திருந்தோம். “அடுத்த மாதம் வாருங்கள், அம்மா, ஒழுங்காக்கித் தருகிறோம்” என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டுக் கட்டை அவிழ்த்தோம். அவிழ்த்ததும் எமக்கு வெட்கம் உண்டாயிற்று.

மட்டை வில்லாக வளைந்திருந்தது. அதன்மேல் ஒட்டப்பட்ட கடதாசி பழுப்பேறி, இடையிடையே செம்புள்ளிகள் பூத்திருந்தது. ஓரங்களை வெள்ளிப்பூச்சி அரித்திருந்தது. செவ்வானம் இருந்த இடத்தில் செம்மையைக் காணோம். சாம்பல் கலந்த மஞ்சள் நிறமொன்றே இருந்தது. காலம் செய்த கேடு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எமக்கு வழியில்லை. பெரும்பாலும் அது நாம் செய்த கேடு. அப் படத்தை மட்டையில் ஒட்டியவை எமது கைகளே.

எவ்வாறு ஒட்டினோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் இன்றும் எத்தனையோ பாடசாலைகளில் ஆசிரிய நண்பர்கள் அவ்வாறே ஒட்டுகின்றனர். கடையில் மலிவாகக் கிடைத்த வைக்கோல் மட்டையை வாங்கினோம். கோதுமை மாப் பசை காய்ச்சினோம். படத்தின் முதுகு முழுவதும் பசை தடவி, மட்டையில் வைத்து அழுத்தினோம். சுற்றிலும் விரலகலத்தில் மண்ணிறத் தாளை ஒட்டிக் கரை கட்டினோம். பார்வைக்கு அழகாகவே இருந்தது. கண்காட்சி முடிந்தபின் படத்தை அதிபரின் அறைச் சுவரில், யன்னலுக்கு எதிரே தொங்கவிட்டோம். அங்கு அது இரண்டு ஆண்டுகள் வெயிலை வாங்கியது.

இதில் எத்தனை பிழைகள் என்று எண்ணிப் பார்ப்போம்.

கடதாசி என்பது நாரினால் ஆயது. ஈரம் பட்டால் நார் பருக்கும், உலர்ந்தால் சுருங்கும். மட்டையும் அவ்வாறே பருத்துச் சுருங்கும். ஆனால் இரண்டும் ஒரே அளவில் அவ்வாறு செய்வதில்லை. முதுகு முழுவதும் ஒட்டப்பட்ட கடதாசி, மாரியில் ஒரு விதமாகவும் கோடையில் இன்னொரு விதமாகவும் இழுபட்டு, ஈற்றில் மட்டையையே வளைத்துவிடுகிறது. மலிவான மட்டையில் அமிலம் உண்டு. அவ்வமிலம் மெல்ல மெல்லப் படக் கடதாசியினுள் ஊர்ந்து அதைப் பழுப்பாக்கி நொறுங்கச் செய்கிறது. மாப் பசையோ வெள்ளிப்பூச்சிக்கு விருந்து. அளவுக்கு மிஞ்சிப் பூசினோம். அளவுக்கு மிஞ்சி விருந்து வைத்தோம். பூச்சிக்கு அஞ்சிப் பசையில் துருசு கலப்போரும் உளர். அதிலுள்ள செம்பு நெடுநாளில் கடதாசியின் நாருக்கே பகையாகும். வெயிலைப் பற்றியோ சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, செய்ததை மீட்க முடியாதபடி செய்ததே. மாப் பசையை நீரால் நனைத்துக் கழற்றலாம் என்பது உண்மை. ஆனால் நீர்வர்ணப் படத்தை எவ்வாறு நனைப்பது? பசையை இளக்கும் அதே நீர் வர்ணத்தையும் கரைத்துவிடும் அன்றோ?

இங்கு கடதாசியைப் பற்றிச் சிறிது பேசவேண்டும். நீர்வர்ணம் தீட்டுவோனுக்குக் கடதாசி வெறும் தளம் அன்று. அது படத்தின் பாதி. வெள்ளை வர்ணத்தை அவன் பூசுவதில்லை. தாளின் வெண்மையே வர்ணத்தினூடாக ஒளியாக வெளிப்படுகிறது. ஆகவே தாள் பழுத்தால் வானமும் பழுக்கிறது, கடலும் பழுக்கிறது.

நல்ல நீர்வர்ணக் கடதாசி பருத்தி நாரினால் செய்யப்படுகிறது. மரக்கூழினால் செய்யப்பட்டது மலிவு; ஆனால் மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருள் நீக்கப்படாதுவிடின் அத் தாள் ஒளியில் விரைவில் மஞ்சளாகிவிடும். பத்திரிகைத் தாளை ஒரு வாரம் வெயிலில் வைத்தால் எவரும் இதைக் கண்கூடாகக் காணலாம். தாள் நீரை உடனே உறிஞ்சாதிருக்க அதற்குப் பசைப்பதம் ஊட்டுகின்றனர். பழைய ஆலைகளில் விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய ஜெலற்றின் இதற்குப் பயன்பட்டது. 1807ஆம் ஆண்டில் மோரிற்ஸ் இல்லிக் என்னும் ஜெர்மானியர் குங்கிலியமும் படிகாரமும் கலந்து பதமூட்டும் முறையை வெளியிட்டார். அது மலிவானது; இயந்திரத்துக்கு ஏற்றது; ஆனால் தாளில் அமிலத்தை விட்டுச் செல்வது. பின்வந்த நூற்றைம்பது ஆண்டுகளில் அச்சான நூல்களுட் பல இன்று கைபட்டால் உதிர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேற்பரப்பைப் பொறுத்தவரை தாள் மூவகைப்படும். சூடான உருளைகளிடையே அழுத்தப்பட்டது வழுவழுப்பானது. நுண்ணிய கோட்டு வேலைக்கு உகந்தது. குளிர் அழுத்தம் பெற்றது சிறு சொரசொரப்புடையது. பெரும்பாலான வேலைகளுக்கு இதுவே போதும். மூன்றாவது கரடானது; தூரிகையை வேகமாக இழுத்தால் மேடுகளில் மட்டும் வர்ணம் பற்றி, பள்ளங்கள் வெண்மையாய் மின்னும். கடலில் வெயில் விழுவதைக் காட்ட இதைவிட எளிய வழி இல்லை. கனத்தைச் சதுர மீற்றருக்கு இத்தனை கிராம் என்று குறிப்பர். 300 கிராம் தாள் ஓரளவு ஈரத்தைத் தாங்கும். அதற்குக் குறைந்த தாளை முதலில் நீரில் சில நிமிடம் ஊறவைத்து, பலகையில் பரப்பி, பசையிட்ட மண்ணிற நாடாவால் நான்கு ஓரங்களையும் ஒட்டி உலரவிட வேண்டும். உலரும்போது அது பறைத்தோல்போல் இறுகும். பின்னர் எவ்வளவு நீர் விட்டுத் தீட்டினாலும், காயும்போது மீண்டும் சமனாகிவிடும்.

விலைப்பட்டியலைப் படிக்க முடியாத இடத்திலும் தாளைச் சோதிக்க வழியுண்டு. ஒரு மூலையைப் பிடித்து அசைத்தால் பதமூட்டிய தாள் கலகலக்கும். நாக்கு நுனியில் தொட்டால் பதமற்ற தாள் ஒட்டிக்கொள்ளும். ஒரு துளி நீர் விட்டால் நல்ல தாளில் முத்தாக நிற்கும். தீயதில் மை ஒற்றும் தாளிற்போல் மறையும். எமது ஈரக் காற்றில் பல ஆண்டு கிடந்த உயர்ந்த தாளும் பதம் கெட்டு இவ்வாறு ஆகிவிடுவதுண்டு. ஆதலின் பெயரைக் கேட்டு வாங்குவதிலும் துளியைக் கேட்டு வாங்குவதே மேல்.

இவற்றையெல்லாம் கூறும்போது எமது முற்போக்கு நண்பர்கள் சிலர் புன்னகை புரிவதை அறிவோம். “மக்களின் வாழ்வைத் தீட்டுங்கள்; எந்தத் தாளில் தீட்டினால் என்ன? இது வசதி படைத்தோரின் கவலை” என்பர். இக் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. தச்சன் மரத்தை அறிவான். மீனவன் வலை நூலை விரலால் உருட்டிப் பார்த்தே எத்தனை நாள் உழைக்கும் என்பான். தன் பொருளை அறியாமல் தொழில் செய்பவனை உழைப்பாளர் எவரும் மதிப்பதில்லை. அவ்வாறிருக்க, ஓவியன் மட்டும் தன் பொருளை அறியாதிருப்பது எவ்வாறு மக்கட் சார்பாகும்?

அன்றியும், உயர்ந்த கடதாசி உயர்குலத்தில் பிறந்ததும் அன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்தில் ஜேம்ஸ் வற்மன் செய்த தாள் டேர்னர் முதலிய ஓவியர்களின் கைகளில் ஒளிர்ந்தது. அது எதனால் ஆயது? கந்தையினால் ஆயது. தெருக்களில் பொறுக்கப்பட்ட பழந்துணி. உழைப்பாளியின் உடலில் தேய்ந்த சட்டை. கடதாசி ஆலைகளில் மேசையில் பொருத்திய கத்தியின் முன் நின்று அக் கந்தைகளைக் கிழித்துப் பொத்தான்களை நீக்கித் தரம் பிரித்தவர்கள் பெண்கள். அத் தூசியை உண்டவர்களும் அவர்களே. நூற்றவர், நெய்தவர், உடுத்தவர், கிழித்தவர் ஆகிய எல்லோருடைய உழைப்பும் அவ் வெண்மையில் உறைந்திருந்தது. அதில் தீட்டப்பட்ட படத்தை மட்டும் அவர்கள் காணவில்லை. அவர்கள் காணாதது தாளின் குற்றம் அன்று, சமுதாயத்தின் குற்றம்.

எமது நாட்டில் கடதாசி எப்போதும் அரசியலோடு பிணைந்தே வந்துள்ளது. 1950களில் வாழைச்சேனையில் எழுந்த அரச காகித ஆலை, எமது வயல்களின் வைக்கோலிலிருந்து எமக்கு வேண்டிய தாளைச் செய்வோம் என்ற நம்பிக்கையின் சின்னமாக விளங்கியது. இந்தியாவில் 1934ஆம் ஆண்டில் தோன்றிய கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் வழியாக, தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா கைசெய் கடதாசியை ஏழைகளின் தொழிலாக மீட்க முயன்றார். 1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்துக்குப் பொருட்கள் தடுக்கப்பட்ட காலத்தில், எமது நாளேடுகளே பயிற்சிக் கொப்பிக்குரிய கோடிட்ட தாளில் அச்சாகி வந்தன. 2022ஆம் ஆண்டு மார்ச்சில், அந்நியச் செலாவணி இன்மையால் தாள் இறக்குமதி நின்று, மேல் மாகாணத்துப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. தாளின்றிப் பரீட்சை இல்லை, பத்திரிகை இல்லை, படமும் இல்லை.

அம் மாணவன் தீட்டிய தாளும் அத் தடைக்காலத்துக்குரியது. பொருட் தடைக்கு முன் வாங்கி எமது மேசை அறையில் பதுக்கி வைத்திருந்த பருத்தித் தாள்களில் ஒன்று அது. முழுத் தாள் 56 சென்ரிமீற்றர் அகலமும் 76 சென்ரிமீற்றர் நீளமும் உடையது. அதை நான்காக வெட்டி, திறமைமிக்க நால்வருக்குக் கொடுத்தோம். ஏனைய மாணவர் நாட்காட்டிகளின் பின்புறத்தில் தீட்டினர். அவ் வேறுபாடு அன்று எமக்கு இயல்பாகவே தோன்றியது. இன்று அதுவும் உறுத்துகிறது. எனினும், அத் தாள் நல்ல தாளாக இருந்தமையாலேயே முப்பது ஆண்டுகள் எமது மட்டையின் அமிலத்தைத் தாங்கி நின்றது என்பதையும் மறைக்க முடியாது. ஏனைய படங்கள் தூளாயின.

படத்தை நனைக்க முடியாது என்றோம். ஆதலின் படத்தைக் கழற்றுவதை விட்டு மட்டையைக் கழற்ற முற்பட்டோம். தை பிறந்து காற்று உலர்ந்தபின், படத்தை முகங்குப்புறச் சுத்தமான தாளின்மேல் வைத்து, மொட்டைக் கத்தியால் மட்டையைப் பின்புறமிருந்து படை படையாக உரித்தோம். நாளுக்கு ஒரு மணி நேரம். அதற்குமேல் கண்ணும் கையும் இடந்தரவில்லை. ஒரு மாதம் சென்றது. கடைசிப் படையைத் தொடவில்லை. ஆசை மிகுந்து அதையும் உரித்திருந்தால் படம் கிழிந்திருக்கும். அப் படை படத்தின் முதுகில் இன்றும் இருக்கிறது. எமது பிழையின் எச்சமாக இருக்கட்டும் என விட்டுவிட்டோம்.

சுற்றியிருந்த மண்ணிறக் கரைத்தாளின் பசை உயிரற்றுப் போயிருந்தமையால் அது எளிதில் கழன்றது. கழன்றதும் நாம் திகைத்தோம். அதன் கீழ், விரலகலத்துக்கு, அந்திவானம் அன்று தீட்டிய செம்மையோடு அப்படியே இருந்தது. ஒளி படாத இடத்தில் வர்ணம் வாழ்ந்திருந்தது.

ஒளி நீர்வர்ணத்தைத் தின்னும் என்பது புதிய செய்தி அன்று. 1888ஆம் ஆண்டிலேயே ரசல், அப்னி என்னும் இரு ஆய்வாளர்கள் பிரித்தானிய அரசின் வேண்டுகோளின்படி வர்ணங்களை வெயிலில் வைத்துச் சோதித்து அறிக்கை வெளியிட்டனர். ஹென்றி வோன் என்பவர் 1900ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தின் தேசிய ஓவியக்கூடத்துக்கு விட்டுச்சென்ற டேர்னரின் நீர்வர்ணப் படங்களை, ஒளி மங்கிய ஜனவரி மாதத்தில் மட்டுமே காட்சிக்கு வைக்கவேண்டும் என்று நிபந்தனை விதித்தார். ஒரு செல்வர் தம் சேகரிப்புக்காகக் கொண்ட கவனத்தில் நூறில் ஒரு பங்கையேனும் ஒரு மீனவச் சிறுவனின் படத்துக்காக நாம் கொண்டோமில்லை. யன்னலுக்கு எதிரே தொங்கவிட்டோம்.

இம்முறை ஒழுங்காகச் செய்தோம். அமிலமற்ற பருத்தி மட்டை இரண்டை வாங்கினோம். ஒன்று முதுகுக்கு, மற்றையதில் சாளரம் வெட்டினோம். இரண்டையும் நூலின் இரு அட்டைகள்போல் ஓரத்தில் துணி நாடாவால் இணைத்தோம். மெல்லிய, உறுதியான ஜப்பானியத் தாளில் சிறு துண்டுகள் இரண்டை எடுத்து, நன்றாகக் காய்ச்சிய கோதுமை மாப் பசையைச் சிறிதே தொட்டு, படத்தின் மேலோரத்தில் மட்டும், பின்புறமாக ஒட்டி முதுகு மட்டையோடு பிணைத்தோம். படம் தொங்குகிறது, சிறைப்படவில்லை. மாரியில் பருக்கலாம், கோடையில் சுருங்கலாம். நாளை எவரேனும் கழற்ற விரும்பினால் ஒரு கணத்தில் கழற்றலாம். செல்லோரேப் என்னும் ஒளிபுகு நாடாவை அருகிலும் கொண்டுவரவில்லை. அது மஞ்சளாகித் தன் கறையைத் தாளில் பதித்துவிடும். சாளர மட்டையின் கனம் கண்ணாடியைப் படத்தில் முட்டாது தள்ளிவைக்கிறது. முட்டினால் வியர்வை பிடித்துப் பூஞ்சணம் வரும். சட்டத்தின் பின்புறக் கீழ் மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டினோம். சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே காற்று ஓட வேண்டும். பக்கங்களிலும் மேலும் 7 சென்ரிமீற்றர், கீழே 8.5 சென்ரிமீற்றர் இடம் விட்டோம். கீழே சற்று மிகுதியாக விடாவிட்டால் படம் நழுவி விழுவதுபோல் கண்ணுக்குத் தோன்றும்.

சாளரத்தைப் படத்தின் ஓரத்தைச் சிறிது மறைக்குமாறு வெட்டுவதே வழக்கம். நாமும் அவ்வாறே அளந்து கோடு கீறினோம். பின்னர் கத்தியை வைத்துவிட்டு எண்ணிப் பார்த்தோம். மறைக்கப்படும் அவ் விரலகலந்தான் அவனுடைய உண்மையான வானம். ஆகவே வழக்கத்தை விட்டுச் சாளரத்தைப் பெரிதாக வெட்டினோம். அரித்த ஓரமும் தெரிகிறது, செம்மையும் தெரிகிறது.

அத் தாய் சொன்னபடி வந்தார். படத்தை மடியில் வைத்து நெடுநேரம் பார்த்தார். நாம் எமது பிழைகள் அனைத்தையும் அவரிடம் சொன்னோம். அவர் அவற்றைக் கேட்டாரோ கேட்கவில்லையோ அறியோம். விரலைக் கண்ணாடியில் வைத்து, அவ் விளிம்பைக் காட்டினார்.

“இந்த நிறந்தான், மாஸ்ரர். அண்டைக்கு இப்பிடித்தான் இருந்தது. அவன் என்னை அசையாமல் நில்லணை எண்டு கத்தினவன்.”

முற்றத்தில் நிற்கும் பெண் யார் என்று நாம் அதுவரை கேட்டறிந்ததில்லை.

படத்தை யன்னலுக்கு எதிரேயும் மழை ஊறும் வெளிச்சுவரிலும் மாட்ட வேண்டாம் என்று சொன்னோம். “அறைக்குள்ளை, சாமிப் படத்துக்குப் பக்கத்திலை வைப்பன்” என்றார். அங்கு விளக்குப் புகை படுமே என்று சொல்ல வாயெடுத்து அடங்கினோம். “சிறிது தள்ளி வையுங்கள், அம்மா” என்று மட்டும் சொன்னோம்.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! எமது பாடசாலைகளில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான படங்கள் தீட்டப்படுகின்றன. கண்காட்சி முடிந்ததும் மூலையில் குவிகின்றன. 1930களின் இறுதியில் எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் வின்சர் ஓவியக் கழகத்தைத் தோற்றுவித்த நாள்தொட்டு, எமது ஓவியம் பெரும்பாலும் சித்திர ஆசிரியர்களின் தோளிலேயே வந்திருக்கிறது. ஆகவே இப் பொறுப்பும் எமதே. எல்லா மாணவருக்கும் எந்நாளும் பருத்தித் தாள் வாங்க எம்மால் இயலாது. ஆனால் ஆண்டுக்கு ஒரு தடவை, திறமை பாராது, வகுப்பின் ஒவ்வொரு பிள்ளைக்கும் நல்ல தாளில் கால்பங்கு கொடுக்க ஒரு பாடசாலையால் இயலும். கண்காட்சிப் படத்தை முழுமுதுகும் ஒட்டாது மேலோரத்தில் இரு துண்டுகளால் தொங்கவிட ஒரு சதமும் மிகுதியாகச் செலவாகாது. படத்தின் பின்னால் பென்சிலால் பெயரும் ஆண்டும் இடமும் எழுதவும் படத்தில் இருப்பவர் யார் என்று கேட்டு அதையும் எழுதவும் செலவே இல்லை.

எந்தப் பிள்ளையின் படம் நாளை யாருக்கு எதன் எச்சமாக நிற்கும் என்பது இன்று எமக்குத் தெரியாது. ஆதலின் எல்லாப் படங்களையும் மீட்கக்கூடியவாறு மாட்டுவோம்.